வளர்ச்சித் தட்டும் பதினெட்டு வயதும்

பிறந்த தேதிக்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லாத ஒருவர் பதினெட்டு வயதைக் கடந்தவரா, இல்லையா என்று ஒரு நீதிமன்றமோ குடிவரவு அலுவலகமோ முடிவு செய்ய வேண்டி வந்தால், அந்தக் கேள்வி கடைசியில் கதிரியல் மருத்துவரிடம்தான் வந்து சேர்கிறது. நானும் கதிரியல் துறையில் இருப்பவன். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து வயது நிர்ணய அறிக்கை எழுதுவது எங்கள் வழக்கமான பணிகளுள் ஒன்று. எக்ஸ்ரேக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுத்தால் வயதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வழக்கறிஞர்கள் நடுவிலும் இளம் மருத்துவர்கள் நடுவிலும் பரவி வருகிறது. எம்.ஆர்.ஐ. எங்களுக்கு மிக நல்ல படத்தைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் படத்திலிருந்து வயதுக்குச் செல்லும் வழியில் வேறொரு வேலை இருக்கிறது. அதைச் சரிவரச் செய்யாவிட்டால், எத்தனை விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் ஒரு சிறுவனைப் பெரியவனாக்கிவிடும். அதை விளக்கவே இந்தப் பதிவு.

நீண்ட எலும்பின் முனைப்பகுதிக்கும் தண்டுப்பகுதிக்கும் நடுவில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதுவே வளர்ச்சித் தட்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அந்த அடுக்கின் வளர்ச்சியை முடித்துவைக்கிறது. ஆண்களிலும் அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட்ரோஜன்தான். தட்டு மெல்ல எலும்பாக மாறி, முனையும் தண்டும் ஒன்றாகின்றன. உடலெங்கும் இது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முழங்கை முதலில் இணைகிறது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவை பின்தொடர்கின்றன. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு அதற்கும் பின்னர். கழுத்தடியில் தோளை நோக்கிச் செல்லும் காறை எலும்பின், மார்பெலும்பை ஒட்டியிருக்கும் முனை இருபதுகளில்தான் முழுமையாக இணைகிறது. பெண்களுக்கு இவையெல்லாம் ஆண்களைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னதாக நடந்துவிடும்.

இந்த வரிசை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான், காலம் அப்படியன்று. ஒரே மாதத்தில் பிறந்த இரு ஆரோக்கியமான சிறுவர்களில் ஒருவருடைய முழங்கால் பதினாறிலும் மற்றவருடையது பத்தொன்பதிலும் மூடலாம், இருவருமே இயல்பானவர்கள். பருவம் முந்தினால் தட்டு முன்பே மூடுகிறது. தைராய்டு குறைபாடும் நீண்டகால ஊட்டக்குறைவும் அதைத் தள்ளிப்போடுகின்றன. எனவே "மூடிவிட்டது" என்று ஒரு படம் சொல்வதால் கிடைப்பது ஒரு வயது அன்று, வயதுகளின் ஒரு பரவல். அந்தப் பரவலின் கீழ்முனை பதினெட்டுக்குக் கீழே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில்தான் வழக்கின் முடிவே அடங்கியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. இதற்குள் வந்ததற்கு முதன்மையான காரணம் துல்லியம் அன்று, கதிர்வீச்சு. மருத்துவப் பயன் ஏதுமின்றி, சட்டத் தேவைக்காக மட்டும் ஓர் இளைஞர்மேல் கதிர்வீச்சைச் செலுத்தலாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் நெடுநாளாக இருந்துவருகிறது. அளவு பெரிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் அலகான மைக்ரோசீவர்ட்டில் சொன்னால், கையின் எக்ஸ்ரே ஏறத்தாழ 0.1, பல்வரிசை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே ஏறத்தாழ 26, காறை எலும்பின் சி.டி. ஸ்கேன் 400 முதல் 600 வரை. இயற்கையிலிருந்து நாம் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியாக 2,400. ஆயினும் சிகிச்சை தேவைப்படாத ஒருவரிடம், அதுவும் சிறுவராக இருக்கக்கூடிய ஒருவரிடம், தேவையற்ற கதிர்வீச்சு எவ்வளவு சிறியதானாலும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலைப்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். எம்.ஆர்.ஐ.யில் அந்தச் சிக்கல் இல்லை. அத்துடன் எக்ஸ்ரேயில் நேரடியாகப் புலப்படாத குருத்தெலும்பை அது காட்டுகிறது. எலும்பை மெல்லிய சீவல்களாக, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பார்க்க முடிகிறது.

வயதை அறிய எம்.ஆர்.ஐ.யைப் பெருமளவில் முதலில் பயன்படுத்தியது கால்பந்து உலகம். பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வயது கூடியவர்கள் ஆடுவதைத் தடுக்க வேண்டிய நெருக்கடி ஃபிஃபாவுக்கு இருந்தது. அதன் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த யிரி டுவோராக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளில் 14 முதல் 19 வயதுக்குட்பட்ட 496 ஆண் விளையாட்டு வீரர்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்து, முன்கையின் ஆரை எலும்பின் கீழ்முனை இணைவதை ஆறு நிலைகளாகப் பிரித்து, 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பதினாறு வயதினரில் முழு இணைவை எட்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதன் அடிப்படையில் 2009ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். "உங்கள் வயது என்ன" என்று அது கேட்பதில்லை. முழுமையாக இணைந்திருந்தால் நீங்கள் பதினேழைக் கடந்தவராக இருக்க மிகப் பெரும்பாலும் வாய்ப்புண்டு, ஆகவே ஆட முடியாது. இணையாவிட்டால் எதுவும் சொல்வதற்கில்லை, ஆடலாம். பத்தொன்பது வயதில் தட்டு இன்னும் திறந்திருக்கும் ஒருவர் இந்தச் சோதனையைக் கடந்து உள்ளே வந்துவிடுவார் என்பதைத் தெரிந்தே ஏற்கிறார்கள். பெண்களுக்கு மணிக்கட்டு முன்பே இணைந்துவிடுவதால் பெண்கள் போட்டிகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. எந்தத் திசையில் தவறு நேர்ந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப எல்லைக்கோட்டை வைத்தார்கள். ஆனால் இங்கே தவறினால் ஒருவர் இழப்பது ஒரு போட்டியை. தஞ்சம் கோருபவர் இழப்பது அதைவிடப் பெரியது.

ஸ்வீடனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 1,63,000 பேர் தஞ்சம் கோரினர். அவர்களுள் ஏறத்தாழ 35,000 பேர் பெற்றோரோ காப்பாளரோ இன்றி வந்த சிறார்களாகப் பதிவு செய்யப்பட்டவர்கள், பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஆண்கள். பலரிடம் பிறந்த தேதிக்கு எழுத்துச் சான்று இல்லை. வயது குறித்த சர்ச்சை அரசியலாக மாறிய சூழலில், அரசு தனது தேசியத் தடய மருத்துவ வாரியத்திடம் இந்தப் பணியை ஒப்படைத்தது. வாரியம் இரண்டு அளவுகோல்களைத் தேர்ந்தெடுத்தது: ஒன்று ஞானப்பல்லின் எக்ஸ்ரே, மற்றொன்று முழங்காலில் தொடை எலும்பின் கீழ்முனையின் எம்.ஆர்.ஐ. படம். 2017ஆம் ஆண்டில் மட்டும் 9,617 ஆண்களும் 337 பெண்களும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். ஒவ்வொரு படத்தையும் ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்கள் தனித்தனியே பார்த்தனர். படமெடுப்பதில் குறை சொல்ல எதுவுமில்லை.

குறை இருந்தது விதியில். இரண்டில் ஏதேனும் ஒன்று முதிர்ந்திருந்தாலும் ஆண் ஒருவரை வயதுவந்தவராகக் கொள்ளும் வகையில் விதி அமைந்தது. ஆனால் இந்த இரண்டும் சேர்ந்த முறை எத்தனை முறை தவறும் என்பதைச் சரிபார்த்த ஆய்வு எதுவும் அப்போது வெளியிடப்படவில்லை. புள்ளியியலாளர் பெட்டர் மோஸ்டாட்டும் மருத்துவர் ஃப்ரெட்ரிக் டாம்சனும் அந்த ஆண்டின் முடிவுகளையே எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டனர். அவர்கள் சென்ற வழி அழகானது. எத்தனை பேருக்கு முழங்கால் முதிர்ந்து பல் முதிராமல் இருந்தது, எத்தனை பேருக்கு அதற்கு நேர்மாறாக இருந்தது என்ற எண்ணிக்கைகளைப் பார்த்தபோது, வாரியம் சொன்னபடி இரு முதிர்வுகளும் நிகழ்ந்திருந்தால் அந்த எண்ணிக்கைகள் எதிர்பார்க்கக்கூடியவை அல்ல என்று தெரிந்தது. முழங்கால் சராசரியாகப் பல்லைவிட வெகு முன்பே முதிர்ந்துவிடுகிறது என்று கொண்டால் கணக்கு பொருந்தியது. அவர்களுடைய மதிப்பீட்டின்படி, சோதிக்கப்பட்ட ஆண்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் உண்மையிலேயே சிறுவர்கள். அந்தச் சிறுவர்கள் பெரியவர்களாகத் தீர்மானிக்கப்படும் அபாயம் ஏறத்தாழ 33 விழுக்காடு. வயதுவந்த ஒருவர் சிறுவராகக் கணிக்கப்படும் அபாயமோ 7 விழுக்காடு மட்டுமே.

இந்த விழுக்காடுகளை 9,617 பேருக்குப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 1,440 சிறுவர்கள். அவர்களுள் 470க்கும் மேற்பட்டோர் பெரியவர் என்று எழுதப்பட்டிருக்கக்கூடும். இது மதிப்பீடுதான், அதற்குரிய பிழை எல்லைகளும் அதற்கு உண்டு. ஆயினும், சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களே என்பதால் மொத்தத்தில் பெரும்பாலான முடிவுகள் சரியாகவே இருந்திருக்கும் என்பதையும், அந்த ஒட்டுமொத்தச் சரித்தன்மை சிறுவர்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். "எங்கள் முறை தொண்ணூறு விழுக்காடு சரி" என்று யாராவது சொன்னால், யாருக்குச் சரி என்று கேட்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் நீதிமன்றங்களில் இது பேசப்படுவதே இல்லை. எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படம் அன்று. சீக்வென்ஸ் என்று நாங்கள் சொல்லும் படமெடுப்பு முறையைப் பொறுத்து அதே எலும்பு வேறுவேறாகத் தோன்றும். டி1 முறையில் கொழுப்பு மிகுந்த மஜ்ஜை வெளுப்பாகவும், அதன் நடுவே வளர்ச்சித் தட்டு கருமையான பட்டையாகவும் தெரியும். தட்டு மூடியபின் மெல்லிய கருங்கோடு ஒன்று தழும்பாகப் பல ஆண்டுகள் எஞ்சியிருக்கலாம். நீர்ப்பசையைக் காட்டும் முறைகளில் எஞ்சிய குருத்தெலும்பு வெளுப்பாகத் தெரியும். டி1இல் மூடியதுபோல் தோன்றும் தட்டில், மற்றொரு முறையில் இன்னும் ஒரு வெண்கோடு இருக்கக்கூடும். சீவல் தடிமனாக இருந்தால் அந்தக் கோடு மங்கி மறைந்துபோகும். ஜெர்மனியில் ஃபோல்கர் வீத்தும் பிறரும் 12 முதல் 24 வயது வரையுள்ள ஏறத்தாழ 700 பேரின் முழங்காலை 3 டெஸ்லா காந்தப்புல வலிமை கொண்ட கருவியில் எடுத்து, 2018ஆம் ஆண்டில் முன்வைத்த நிலைப்பிரிவு இந்த இரு வகைப் படங்களையும் சேர்த்துப் பார்ப்பதன் மேல்தான் நிற்கிறது. எனவே, ஒரு முறையில் எடுத்த படத்தை இன்னொரு முறையில் உருவான அட்டவணையோடு ஒப்பிட்டு வயது சொல்வது தவறு. எக்ஸ்ரேயின் அட்டவணையை எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பொருத்துவது அதைவிடப் பெரிய தவறு.

பதினெட்டைக் கடந்தவர் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், பதினெட்டுக்குப் பிறகும் மாறிக்கொண்டிருக்கும் எலும்பைப் பார்ப்பதே முறை. அது காறை எலும்புதான். 2000ஆம் ஆண்டு பெர்லினில் உருவான தடயவியல் வயது நிர்ணயத்துக்கான பணிக்குழு, கை எலும்புகளின் வளர்ச்சி முடிந்திருந்தால் காறை எலும்பையும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. மெல்லிய சீவல்களாக எடுத்த சி.டி. படங்களில் 3சி என்னும் நிலை, அதாவது இணைவு பெரும்பகுதி முடிந்தும் முழுமை பெறாத நிலை, 2010ஆம் ஆண்டு வெளியான ஜெர்மானிய ஆய்வில் இரு பாலரிலும் பத்தொன்பது வயதுக்கு முன் காணப்படவில்லை. இதை எம்.ஆர்.ஐ.யில் செய்வதற்குப் பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் பிற இடங்களிலும் உழைத்திருக்கிறார்கள். கடினமான இடம் அது. மூச்சு விடும்போதெல்லாம் மார்பு அசைகிறது, எலும்பு முனை சிறியது, அதன் வடிவமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கை, பல், காறை எலும்பு மூன்றின் எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்துக் கணினிக்குக் கற்பித்தபோதுகூடச் சராசரிப் பிழை ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்தது. அது பாராட்டத்தக்க சாதனை. பதினெட்டின் எல்லையில் நிற்பவருக்கு அந்த ஓர் ஆண்டுதான் எல்லாம் என்பதும் உண்மை.

பிரிட்டன் அரசு அமைத்த அறிவியல் ஆலோசனைக் குழு 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான அறிக்கையில் பல், மணிக்கட்டு, முழங்கால், காறை எலும்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. முழங்காலுக்கும் காறை எலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கையில் நான் மதிக்கும் இரண்டு கருத்துகள் உள்ளன. முதலாவது, வயது இவ்வளவு என்று சொல்வதற்குப் பதிலாக, அவர் சொல்லும் வயதுக்கும் அதிகாரிகள் சொல்லும் வயதுக்கும் இந்தப் படங்கள் எந்த அளவு பொருந்துகின்றன என்று ஒப்பிட்டு விகிதமாகச் சொல்ல வேண்டும் என்பது. இரண்டாவது, சோதனைக்கு மறுத்தார் என்பதற்காகத் தானாகவே எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது. காது அடைக்கும் ஓசையுடன் இயங்கும் குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க, சிறைவாசத்தையும் கடற்பயணத்தையும் கடந்துவந்த ஒரு சிறுவர் அஞ்சினால், அந்த அச்சத்தை அவர் பொய் சொன்னதற்குச் சான்றாக்கக் கூடாது.

இனி நம் நாட்டு நிலை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ மெட்ரிகுலேஷன் சான்றையோ, அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றையோ பார்க்கச் சொல்கிறது. இவை எதுவும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்வுச் சோதனையோ "அண்மைக்கால" மருத்துவ முறை வேறு ஏதேனுமோ வரும். உத்தரவிட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. நுழையக்கூடிய கதவு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே சோதனைக்கு இருபுறமும் இரண்டாண்டு பிழை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

2023ஆம் ஆண்டு ஜூலையில், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கதிரியல் மருத்துவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் 94ஆம் பிரிவு சொல்லும் சான்று அன்று என்று நீதிமன்றம் ஒதுக்கியபின், எஞ்சியது பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயது என்ற மருத்துவக் கருத்து மட்டுமே. அதன் விளைவாகப் போக்சோ தண்டனை நிற்கவில்லை. அடுத்த ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் வயதைச் சோதனை தரும் இடைவெளியின் மேல்முனையில் கொண்டு, அதன்மேல் இரண்டாண்டுப் பிழையையும் சேர்க்க வேண்டும் என்றது. ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது அதன் அடிப்படை. குற்றம் சாட்டப்பட்டவரே சிறுவராக இருக்கக்கூடும் என்ற வழக்கிலோ, 2007ஆம் ஆண்டின் இளைஞர் நீதி விதிகள் ஓராண்டு வரை கீழ்நோக்கிக் கொள்ள இடம் தந்தன. ஒரே முழங்காலின் ஒரே படம் ஒரு வழக்கில் மேல்நோக்கியும் இன்னொரு வழக்கில் கீழ்நோக்கியும் படிக்கப்படுகிறது. இது சட்டத்தின் பொறுப்பு. அதில் தவறு காண நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் மருத்துவர் தம் பங்குக்கு இடைவெளியை முன்கூட்டியே குறுக்கியோ ஒரு பக்கம் சாய்த்தோ எழுதினால், அந்தச் சாய்வின்மேல் சட்டம் தன் சாய்வையும் ஏற்றும். இடைவெளியை முழுமையாக, அது எந்த ஆய்விலிருந்து வந்தது என்பதோடு எழுதுவதே நாம் செய்ய வேண்டியது. "வயது சுமார் 19" என்று ஒற்றை எண்ணை எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

அந்த ஆய்வு எங்கே என்று கேட்டால்தான் நம் வறுமை தெரிகிறது. தென்னிந்தியர்களின் எலும்பு முனைகள் இணையும் வயதை எம்.ஜே.எஸ். பிள்ளை என்பவர் 1936ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு கால்ஸ்டவுன் இந்தியர்களைப் பற்றி இன்னும் விரிவான ஆய்வை வெளியிட்டார். சட்ட மருத்துவப் பாடத்தில் இன்றும் அந்தப் பெயர்கள் வருகின்றன. அவர்கள் செய்தது பெரும்பணி. ஆனால் அன்றைய பிள்ளைகள் உண்ட உணவும் பருவமெய்திய வயதும் இன்றைய பிள்ளைகளுடையவை அல்ல. வாழ்க்கைத் தரம் உயரும்போது எலும்பு முதிர்வு முந்துகிறது என்பது பல நாடுகளில் காணப்பட்ட செய்தி. இனத்தைவிட வாழ்க்கைத் தரமே இதில் பெரிய காரணி என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் வலியுறுத்தியுள்ளனர். பழைய அட்டவணையை இன்றைய பிள்ளைக்குப் பொருத்தினால் வயது கூடுதலாகத் தெரியும். தவறு நேரக் கூடாத திசை அதுவே.

ஆகவே எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்பது என் கருத்தன்று. நம் பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. தரவு முதலில் வேண்டும் என்பதே. அது எட்டாத காரியமும் அன்று. விளையாட்டிலும் இருசக்கர வாகன விபத்திலும் தசைநார் கிழிந்து, 14 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள் முழங்கால் எம்.ஆர்.ஐ.க்கு நம் நகரங்கள் எல்லாவற்றிலும் வருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் பிறந்தவர்கள். உள்ளாட்சியின் பிறப்புச் சான்று அவர்களிடம் உண்டு. வழக்கமான படங்கள் இதற்குப் போதா, அவற்றின் சீவல்கள் தடிமனானவை. அடிபடாத எலும்பு முனையைக் கொண்டவர்களைத் தேர்ந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் குடும்பத்தாரின் ஒப்புதலோடும், மெல்லிய சீவலில் ஒரு டி1 படத்தைக் கூடுதலாக எடுத்தால் போதும். சில நிமிடங்களே ஆகும். சில அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே முறையில், ஒரே நிலைப்பிரிவில் இதைச் செய்து, ஆண் பெண் இரு பாலருக்கும், ஒவ்வொரு வயதிலும் போதிய எண்ணிக்கையில் திரட்டினால், பதினெட்டுக்குக் கீழே எத்தனை பேருக்கு முழங்கால் மூடியிருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நாமே சொல்ல முடியும். கதிரியல், சட்ட மருத்துவம், புள்ளியியல் துறைகளில் இருப்பவர்களுள் இதில் ஆர்வமுள்ளோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஆய்வின் வரைவுத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.